குங்குமப்பூ: சீன மருத்துவம் கூறுவதும் நோயாளர்கள் அறிய வேண்டியதும்

“குங்குமப்பூ நாம் பாலில் போட்டுக் குடிப்பதுதானே டாக்டர், அதனால் என்ன கெடுதல் வந்துவிடும்?” என்ற கேள்வி எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழுகிறது. கேள்வி நியாயமானதே. ஆயினும் இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பாயசத்தில் இடும் நான்கைந்து இழைகளுக்கு ஒரு விடை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள உறவினர் சீன மருந்துக் கடையில் வாங்கி அனுப்பிய பொட்டலத்துக்கு வேறொரு விடை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவருக்கும், கருவுற்ற பெண்ணுக்கும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவருக்கும் அந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஆகவே, சீன மரபு மருத்துவம் குங்குமப்பூவை எவ்வாறு காண்கிறது, இன்றைய மருத்துவ ஆய்வுகள் என்ன கூறுகின்றன, நாம் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

செடியும் இழையும்

குங்குமப்பூ என நாம் வாங்குவது முழுப் பூவன்று. குரோகஸ் சட்டைவஸ் என்னும் சிறு கிழங்குச் செடியின் ஊதா நிறப் பூவினுள் இருக்கும் மூன்று சிவந்த சூல்முடிகளே உலர்த்தப்பட்டுக் குங்குமப்பூ ஆகின்றன. செடி இலையுதிர் காலத்தில் பூக்கிறது. பூத்த அன்றே பறித்து, இழைகளைக் கையால் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 1,50,000 பூக்கள் தேவைப்படுகின்றன. அதன் விலை மிகுதியாக இருப்பதற்கும், அதில் கலப்படம் மிகுந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

இக்கணக்கை மனத்தில் கொள்வது பின்னர் பயன்படும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூக்கள், அதாவது 450 இழைகள். ஓர் இழையின் எடை சுமார் 2 மில்லிகிராம்.

உலகில் விளையும் குங்குமப்பூவில் மிகப் பெரும் பகுதி ஈரானில் விளைகிறது. இந்தியாவில் காஷ்மீரின் பாம்போர் பகுதி இதற்குப் பெயர் பெற்றது.

சீனத்துக்கு வந்த வழி

குங்குமப்பூ சீனத்தின் சொந்தச் செடி அன்று. பாரசீகத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வணிகர் வழியாக அங்கே சென்றது. இதன் தடயம் அதன் பெயர்களிலேயே தங்கியிருக்கிறது. சீனர் இதனை ஷி ஹோங் ஹுவா, அதாவது ‘மேற்கின் செம்பூ’ என்றும், ஃபான் ஹோங் ஹுவா, அதாவது ‘அயல்நாட்டுச் செம்பூ’ என்றும் அழைக்கின்றனர். ஸாங் ஹோங் ஹுவா, அதாவது ‘திபெத்தின் செம்பூ’ என்பது மக்கள் வழக்கில் மிகப் பரவலான பெயர். திபெத்தில் விளைந்ததால் அன்று, திபெத் வழியாகச் சீனத்தின் உட்பகுதிகளுக்கு வந்ததாலேயே அப்பெயர் ஏற்பட்டது. திபெத்திய மருத்துவத்தில் இதன் பெயர் குர்கும். ஈரலுக்கு உரிய சிறந்த மருந்தாக அம்மரபு இதனைப் போற்றுகிறது.

மங்கோலியர் ஆண்ட யுவான் வம்சக் காலத்தில் அரசவை உணவியல் வல்லுநரான ஹூ ஸிஹுயி 1330ஆம் ஆண்டு எழுதிய யின்ஷான் செங்யாவ் என்னும் நூலில் குங்குமப்பூ உணவில் சேர்க்கும் வாசனைப் பொருளாக இடம்பெறுகிறது. அங்கே அது குறிக்கப்படும் சொல் ‘ஸஃப்ரான்’ என்ற பாரசீக, அரபுச் சொல்லின் சீன ஒலிவடிவமே. பின்னர் மிங் வம்சக் காலத்தில் மருத்துவர் லீ ஷிசென் 1578இல் எழுதி முடித்து, அவர் மறைந்த பின் 1596இல் அச்சான பென்ஸாவ் காங்மு என்னும் பெரும் மூலிகைத் தொகுப்பில் இதற்குத் தனிக் குறிப்பு உண்டு. மனத்துயர், நெஞ்சில் அடைப்பு, திடுக்கிட்டுப் படபடத்தல் ஆகியவற்றுக்கு அவர் இதனைப் பரிந்துரைத்தார். ஆனால் மேற்கு நாடுகளில் விளையும் குசும்பப்பூவே இது என்றும் அவர் கருதிவிட்டார். அந்தக் குழப்பம் நானூறு ஆண்டுகள் கடந்தும் கடைத்தெருவில் நீடிக்கிறது. அதனைப் பின்னர் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனர் தம் மண்ணிலேயே இதனைப் பயிரிடத் தொடங்கினர். ஷாங்காயை ஒட்டிய சோங்மிங் தீவும், ஜெஜியாங் மாநிலத்தின் ஜியாண்டே பகுதியும் இதற்குப் பெயர் பெற்றவை. அங்கே கையாளும் முறை வியப்பானது. கிழங்குகளை வீட்டினுள் தட்டுகளில் அடுக்கி, மண்ணும் நீரும் இன்றியே பூக்கச் செய்து இழைகளை எடுக்கின்றனர். அதன்பின் நெல் அறுத்த வயலில் கிழங்குகளை நட்டு, அடுத்த ஆண்டுக்குப் பெருக்கிக்கொள்கின்றனர்.

சீன மருத்துவத்தின் பார்வை

சீன மரபு மருத்துவத்தில் நோய்க்குரிய காரணங்களுள் ஒன்று தேக்கம். உயிராற்றலும் இரத்தமும் உடலின் வழிகளில் தடையின்றிச் செல்ல வேண்டும். தேங்கினால் வலி, கட்டி, மாதவிடாய் நின்றுபோதல் போன்றவை தோன்றும் என்பது அதன் கோட்பாடு. தேங்கிய இரத்தத்தை ஓடச்செய்யும் மருந்துகளின் வகையில் குங்குமப்பூ சேர்க்கப்படுகிறது. மனமும் இவ்வாறே தேங்கக்கூடியது என அம்மரபு கருதுகிறது. துயரம் நெஞ்சில் கட்டிக்கொண்டு கரையாமல் நிற்பதும் ஒரு தேக்கமே. மாதவிடாய்க் கோளாறுக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே மருந்தை அம்மருத்துவர்கள் தருவதன் காரணம் இதுதான்.

சீன அரசின் மருந்துத் தரநூல் குங்குமப்பூவை இனிப்புச் சுவையும் நடுநிலைத் தன்மையும் கொண்டது என்றும், இதயம், ஈரல் ஆகியவற்றின் வழிகளில் சேர்வது என்றும் வகுக்கிறது. இரத்தத் தேக்கத்தைக் கரைத்தல், இரத்தத்தின் வெம்மையைத் தணித்தல், மன இறுக்கத்தைத் தளர்த்தி அமைதி தருதல் ஆகியவை அதன் பயன்களாகக் கூறப்படுகின்றன. அளவு நாளொன்றுக்கு 1 முதல் 3 கிராம் வரை. கஷாயமாகவோ, கொதிநீரில் ஊறவைத்தோ பருகலாம். கருவுற்ற பெண்களுக்கு எச்சரிக்கையுடன் தர வேண்டும் என்பதையும் அந்நூல் கூறுகிறது. மரபு மருத்துவமே வகுத்த இந்த எச்சரிக்கை, அந்த மருந்தைப் பரிந்துரைக்கும் அண்டை வீட்டாரின் வாயில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

‘இரத்தத் தேக்கம்’ என்பது அம்மருத்துவத்தின் தனிக் கருத்து. நாங்கள் ஸ்கேனில் காட்டும் இரத்தக்கட்டியும் அதுவும் ஒன்றல்ல. காலின் ஆழ்சிரையில் உறைந்த கட்டியையோ, இதயத் தமனியின் அடைப்பையோ குங்குமப்பூ கரைத்துவிடும் என்று எவரும் நம்பி, எழுதித் தந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

செம்பூ இரண்டு

சீன மொழியில் வெறுமனே ஹோங் ஹுவா, ‘செம்பூ’, என்றால் அது குங்குமப்பூ அன்று, குசும்பப்பூ. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் விதையிலிருந்து சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். அதன் பூவிதழ்கள் உலர்ந்தபின் செம்மஞ்சள் நிறத்தில் குங்குமப்பூவைப் போலவே தோன்றும். விலையோ மிகக் குறைவு. சீனத்தின் புகழ்பெற்ற பழைய கூட்டு மருந்துகளில் ‘செம்பூ’ என வருவது பெரும்பாலும் குசும்பப்பூவே.

இரண்டும் இரத்தத்தை ஓடச்செய்வன என்றே சீன மரபு கருதுகிறது. எனினும் குசும்பப்பூ காரமும் வெம்மையும் கொண்டது. அதன் அளவு 3 முதல் 10 கிராம். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் விளைவு விபரீதமாகும். 10 கிராம் குங்குமப்பூ நஞ்சாகக்கூடிய அளவு. பெயர் குழம்பினால் அளவும் குழம்பும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். வெதுவெதுப்பான நீரில் சில இழைகளை இடுங்கள். உண்மையான குங்குமப்பூவிலிருந்து பொன்மஞ்சள் நிறம் மெல்ல மெல்லக் கசியும். இழை தன் சிவப்பை நெடுநேரம் இழக்காது. ஊறிய இழையின் ஒரு முனை ஊதுகுழலின் வாய்போல் விரிந்திருக்கும். குசும்பப்பூ மெல்லிய குழாய்போல் இருந்து, நுனியில் சிற்றிதழ்களாகப் பிரியும். நீர் உடனே சிவந்து இழை வெளுத்துவிட்டால் அது சாயமேற்றிய போலி. சுவையிலும் குங்குமப்பூ இனிக்காது; சற்றே கசக்கும். சாயமேற்றிய சோளநாரும் குங்குமப்பூ என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. இச்சோதனைகள் முழு உறுதி தருவன அல்ல. அடையாள முத்திரையற்ற பொட்டலத்தை மருந்தாக உட்கொள்ளாதிருப்பதே பாதுகாப்பு.

ஆய்வுகள் கூறுவது என்ன?

குங்குமப்பூவின் நிறத்துக்குக் காரணம் குரோசின், கசப்புக்குக் காரணம் பிக்ரோகுரோசின், மணத்துக்குக் காரணம் சஃப்ரனால். உட்கொண்ட குரோசின் குடலில் சிதைந்து குரோசெட்டின் என்னும் சிறிய மூலக்கூறாகி இரத்தத்தில் கலக்கிறது.

மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளே இதில் முதன்மையானவை. தெஹ்ரானைச் சேர்ந்த மனநல மருத்துவ ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான மனச்சோர்வு உடைய 30 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூப் பிழிவையும், மற்றொன்றுக்கு இமிப்ரமின் என்னும் மருந்தையும் ஆறு வாரங்கள் கொடுத்தனர். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்தனர். மறு ஆண்டு 40 பேரைக் கொண்டு ஃபுளுவோக்சிட்டின் மருந்துடன் ஒப்பிட்ட ஆய்விலும் இதே போன்ற முடிவு கிடைத்தது. பின்னர் வேறு பல ஆய்வுகளும் வந்துள்ளன. துயர் தீர்க்கும் பூ என்று பழைய நூல்கள் கூறியதில் பொருள் உண்டு என்பதற்கு இவை சான்று.

அதே வேளையில் இவற்றின் எல்லையையும் காண வேண்டும். ஆய்வில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிது. காலமும் சில வாரங்களே. கடுமையான மனச்சோர்வு உடையோருக்கு இவை பொருந்தா. தரப்படுத்திய பிழிவை மாத்திரை உறையில் அடைத்துக் கொடுத்த ஆய்வின் முடிவை, கடையில் வாங்கிய இழைகளுக்கு அப்படியே பொருத்தவும் இயலாது. ஆகவே, மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர் குங்குமப்பூவை நம்பி அதனை நிறுத்தக் கூடாது. வாழ்வில் பிடிப்பில்லை என்றோ, இறந்துவிடலாம் என்றோ குடும்பத்தில் ஒருவர் கூறினால் பாலும் பூவும் போதா. அன்றே மருத்துவரிடம் அழைத்துவர வேண்டும். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கும்.

அளவே மருந்து, அளவே நஞ்சு

முன்னர் கூறிய கணக்குக்கு இப்போது வருவோம். குடும்பம் முழுவதற்கும் வைத்த பாயசத்தில் 10 இழை இட்டால் அது 20 மில்லிகிராம். ஒருவர் பங்குக்கு வருவது மிகச் சிறிது. சீனத் தரநூலின் 1 கிராம் என்பது 450 இழைகள். 3 கிராம் என்பது 1,350 இழைகள். “சமையலில் போடுவதுதானே” என்ற வாதம் இங்கே பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

நாளொன்றுக்கு 1.5 கிராம் வரை நலமுள்ள பெரியவர்களுக்குப் பொதுவாகத் தீங்கில்லை எனக் கருதப்படுகிறது. 5 கிராமுக்கு மேல் நஞ்சுக் குறிகள் தோன்றலாம்: வாந்தி, தலைச்சுற்றல், தோலும் கண்ணும் மஞ்சளாதல், மூக்கிலோ கருப்பையிலோ சிறுநீரிலோ இரத்தக் கசிவு. 12 முதல் 20 கிராம் வரை உயிருக்கே ஆபத்தான அளவு என மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

முதலாவது, வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற இரத்த உறைவு எதிர்ப்பு மருந்து உட்கொள்வோர். செயற்கை இதய வால்வு பொருத்தியோரும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றோரும் இவர்களில் அடங்குவர். இம்மருந்தின் பாதுகாப்பான எல்லை குறுகியது. ஐ.என்.ஆர். பரிசோதனை அளவு பலருக்கு 2 முதல் 3 வரையிலும், சில வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். மிகுந்தால் மூளையிலோ குடலிலோ கசியும். குங்குமப்பூவில் உள்ள பொருட்கள் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுகின்றன. குசும்பப்பூவுக்கும் இரத்தம் உறைவதைக் குறைக்கும் தன்மை கூறப்படுகிறது. ஆகவே இவ்விரண்டையும் மருந்தளவில் உட்கொள்ள வேண்டாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் உட்கொள்வோருக்கும் இது பொருந்தும்.

இங்கே மற்றொன்றையும் கூற வேண்டும். சீனக் கடைகளில் மூட்டு வலிக்கு விற்கும் ‘செம்பூத் தைலம்’ பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. வலி நிவாரணத் தைலங்கள் பலவற்றிலும் இது உண்டு. இது தோல் வழியே உடலில் சேர்ந்து வார்ஃபரினின் செயலைக் கூட்டக்கூடியது. மேலே பூசுவதுதானே என எண்ணி நாள்தோறும் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

இரண்டாவது, கருவுற்ற பெண்கள். குங்குமப்பூப் பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. குழந்தையின் நிறத்தைத் தீர்மானிப்பவை பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்கள். எந்தப் பூவாலும் அதனை மாற்ற இயலாது. ஓரிரண்டு இழை இட்ட பாலினால் தீங்கில்லை. பாலின் ஊட்டம் கிடைக்கும். ஆனால் ‘இன்னும் சிவப்பாக’ என்று அளவைக் கூட்டுவது தவறு. மிகுந்த அளவு கருப்பையைச் சுருங்கச் செய்யலாம். எப்பெண்ணையும் இதன் பொருட்டுக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று மாமியார், தாயார் இருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது, அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்குவதற்கோ நாள் குறிக்கப்பட்டோர். மருந்தளவில் உட்கொள்ளும் மூலிகைகளை இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது நல்லது. எழுதித் தந்த மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே தீர்மானிப்பார்.

நான்காவது, இரத்த அழுத்த மருந்து உட்கொள்வோர். மிகுந்த அளவு குங்குமப்பூ இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக்கூடும். எழும்போது தலைச்சுற்றல் வந்தால் கூறுங்கள். மனநல மருந்து உட்கொள்வோரும், முன்பு மிகைக் கிளர்ச்சி நிலை ஏற்பட்டோரும் தம் மனநல மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்க வேண்டாம்.

எங்களிடம் கூறுங்கள்

பிற மருத்துவ முறையை நாடினால் மருத்துவர் கோபிப்பார் என்ற அச்சத்தினால் பலர் இதனை மறைக்கின்றனர். அதற்குத் தேவையே இல்லை. சீன மருத்துவமோ சித்த மருத்துவமோ, நீங்கள் எதை உட்கொள்கிறீர்கள் என்பது தெரிந்தால்தான் உங்கள் இரத்தப் பரிசோதனையின் முடிவை எங்களால் சரியாகப் பொருள்கொள்ள இயலும். அடுத்த முறை வரும்போது இவற்றைச் செய்யுங்கள்:

பொட்டலத்தையோ புட்டியையோ அப்படியே எடுத்து வாருங்கள். சீன எழுத்தாயினும் பரவாயில்லை. கைப்பேசியில் படம் எடுத்தும் காட்டலாம்.

எவ்வளவு, எத்தனை முறை, எந்நாளிலிருந்து என்பதைக் குறித்து வாருங்கள். ‘ஒரு சிட்டிகை’ என்பது ஒவ்வொரு கைக்கும் வேறுபடும். இழைகளை எண்ணிக் கூறினால் நலம்.

வார்ஃபரின் உட்கொள்பவர் ஏற்கெனவே ஏதேனும் மூலிகையை நாள்தோறும் எடுத்து வந்தால், தாமாக நிறுத்தாமல் எங்களிடம் கூறுங்கள். நிறுத்தும்போதும் ஐ.என்.ஆர். மாறலாம்; அதற்கேற்பப் பரிசோதனை நாளை முன்னதாக வைத்துக்கொள்வோம்.

ஈறுகளில் இரத்தம், காரணமின்றித் தோலில் நீலத் தடிப்பு, கறுத்த மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கிரத்தம், திடீர்க் கடும் தலைவலி ஆகியவற்றில் எது கண்டாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே வாருங்கள். வரும்போது உட்கொண்ட மருந்துச் சீட்டுகளோடு அந்தப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொள்ள மறவாதீர்கள்.